அடிக்கிற கை

காலை எட்டே காலுக்கு அந்த வீட்டில் சண்டை தொடங்கிவிடும். தையல்காரி வேலைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டக் குனிவாள். அவ்வளவுதான், பின்னாலிருந்து சண்டியர் பாயும். முடியைப் பிடித்து இழுத்துத் தலையைச் சுவரில் மோதும், காதைக் கடிக்கும், கையில் கிடைத்ததை எடுத்து விளாசும். போன வாரம் கிடைத்தது இரும்புக் கரண்டி. புருவம் பிளந்து நாலு தையல். ஊருக்கே தைத்துப் போடுகிறவளுக்குக் கடைசியில் ஒருத்தர் தைத்துவிட்டார் என்று அவள் புருஷன் ஆஸ்பத்திரியிலேயே கிண்டலடித்தான். சிரித்தால் வலிக்கிறது என்று அவனை நன்றாகத் திட்டினாள்.

சண்டியர் என்பது ஏழு வயதுப் பெண்பிள்ளை. காகிதத்தில் நல்ல பேர் ஒன்று இருக்கிறது, ஆனால் அது வேறு நாட்டுப் பேர், இவர்கள் வாயில் நுழையவில்லை. வந்த முதல் நாள் புருஷன் அதைத் தப்பாகச் சொல்லப்போக, தட்டு பறந்து வந்து அவன் தாடையைப் பெயர்த்தது. அடி வாங்கிய கையோடு அவன் வைத்த பேர்தான் சண்டியர். அவனுக்குக் கார் டிங்கர் வேலை. இடித்துக்கொண்டு வரும் வண்டிகளை நாள் முழுக்கத் தட்டி நிமிர்த்துகிறவன். நசுங்கிய கதவைப் பார்த்து இவன் கோபப்பட்டதே கிடையாது. பிள்ளையிடமும் அப்படித்தான் இருந்தான்.

எட்டு வருடம் மனுப் போட்டுக் கிடைத்த பிள்ளை. அதன் நாட்டில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்று அங்கே இருக்கிறவர்களுக்கே விளங்காது. கூட வந்த கோப்பில் பிள்ளையின் கதை ஏழெட்டு வரியில் முடிந்துவிட்டது. அம்மா தண்ணீர் பிடிக்க வாசலைத் தாண்டினாள், திரும்பவில்லை. அதன்பிறகு மூன்று வருடம் ஒரு விடுதி. 'விடுதியில் குழந்தை மிகுந்த ஒழுக்கத்துடன் வளர்ந்தது' என்று கீழே முத்திரை குத்தியிருந்தார்கள்.

அந்த ஒழுக்கம் எங்கே போனது என்று தையல்காரி முதல் மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டாள். இரண்டாம் மாதம் புரிந்தது. வீட்டுக்குள் இருக்கும்வரை பிள்ளை பரமசாது. சொன்ன இடத்தில் உட்காரும், போட்டதைச் சாப்பிடும். அவள் வாசல் பக்கம் திரும்பினால்தான் பேய் பிடிக்கும். போகாதே என்பதை அது பல்லாலும் நகத்தாலும் சொல்கிறது. புரிந்த பிறகு வலி குறையவில்லை, ஆனால் வலிமேல் அவளுக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. தன்னைப் போகவிடாமல் ஒரு ஜீவன் இப்படி அடித்துக்கொள்கிறதே என்று பஸ்ஸில் காயத்தைத் தடவிக்கொண்டே போவாள். அவளுக்கும் கொஞ்சம் கிறுக்குதான்.

இதில் பெரிய சிக்கல் தத்துக் கொடுத்த அலுவலகம். ஆறு மாதம் சோதனைக்காலம். மாதம் ஒருமுறை அதிகாரியம்மா வந்து பார்த்து எழுதுவார். ஆறாவது அறிக்கை நன்றாக இருந்தால் பிள்ளை இவர்களுடையது. விதிப் புத்தகத்தின் மூன்றாம் பக்கம் தையல்காரிக்கு மனப்பாடம். குழந்தையால் வீட்டாருக்கு ஆபத்து என்று தெரிந்தால், குழந்தை தான் வந்த விடுதிக்கே திரும்பும். அதனால் அவள் தனக்கு முழுக்கைச் சட்டைகளாகத் தைத்துப் போட்டுக்கொண்டாள். வேகாத வெயிலிலும் கழுத்துவரை பட்டன். கேட்டவர்களிடம் குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். அவள் சொன்ன கணக்குக்கு அந்தக் குளியலறையில் எண்ணெய்க் கடையே கொட்டியிருக்க வேண்டும்.

ஆறாவது முறை அதிகாரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் காலை ஒன்பது மணிக்கு வந்து நின்றார். அன்றைய சண்டை முடிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தையல்காரியின் உதடு கிழிந்திருந்தது, இடது கண் வீங்கி மூடியிருந்தது. டிங்கர் பிள்ளையைக் கூடத்தில் மடியில் வைத்துக்கொண்டு, அது கையில் சுருட்டிப் பிடித்திருந்த முடியை ஒவ்வொரு விரலாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

அதிகாரியம்மா தையல்காரியைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"இதுவும் குளியலறையா?"

"ஆமா மேடம். சோப்புத் தண்ணி."

"மூணு மாசமா சோப்புத் தண்ணியாம்மா? நானும் கல்யாணம் ஆனவதான். யாரு அடிச்சது?"

தையல்காரி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.  அதிகாரியம்மா கதவுப் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தப் பிள்ளையா?"

அங்கேதான் அவளுக்குப் புத்தி பேதலித்தது. மூன்றாம் பக்கம் கண் முன்னால் வந்து நின்றது. பிள்ளை மறுபடி விமானம் ஏறுவது தெரிந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும், உடனே சொல்ல வேண்டும்.

"ஐயோ, அது பச்சப்பிள்ள மேடம். அவருதான். வீட்டுக்காரர்தான். எப்பவாவது கோபம் வந்தா கை நீட்டுவாரு. மத்தபடி நல்லவரு."

புருஷன் அடிக்கிறது உலகத்தில் எந்த வீட்டில்தான் இல்லை, இதைப் போய் யார் பெரிதாக எழுதப் போகிறார்கள் என்று அவள் நினைத்தாள். பத்து வருடத்தில் அவள்மேல் ஒரு விரல் படாத மனுஷன்மேல் இப்படிச் சர்வசாதாரணமாகப் பழியைப் போட்டுவிட்டு, தப்பித்தோம் என்று மூச்சும் விட்டாள். மூன்றாம் பக்கத்தை உருப்போட்டவள் நாலாம் பக்கத்தைப் புரட்டியே பார்க்கவில்லை.

அதிகாரியம்மா கூடத்துக்கு வந்து, நின்றபடியே சொன்னார்.

"குழந்த இருக்கிற வீட்டுல அடிக்கிற கை இருக்கக் கூடாது. ஒண்ணு நீங்க இன்னைக்கே வெளிய போகணும், ஒரு வருஷத்துக்கு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. இல்லன்னா குழந்தைய இப்பவே கூட்டிட்டுப் போயிடுவேன். நாலாம் பக்கத்துல தெளிவா இருக்கு."

டிங்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தையல்காரியைப் பார்த்தான். ஒரே ஒரு கண்ணால் அவள் அவனைப் பார்த்தாள். அந்த ஒரு கண்ணிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவள் அதிகாரியம்மாவின் முன்னால் போய் நின்றாள். "மேடம், நான் பொய் சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் பண்ணல. இதெல்லாம் பண்ணது வந்து..."

"ஏய், வாய மூடு" என்று டிங்கர் கத்தினான். அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. மடியிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்தான். "நான்தான் மேடம் அடிச்சேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

அதிகாரியம்மா தையல்காரியிடம் திரும்பினார். "பாத்தியாம்மா? என் முன்னாடியே உன்னப் பேச விட மாட்டேங்கிறாரு."

அவன் கையெழுத்துப் போட்டான். மனைவியைப் பலமுறை காயப்படுத்தியதை ஒப்புக்கொள்கிறேன் என்று அச்சடித்த தாள் அது. வேலை பார்க்கிற கடையின் மச்சில் படுத்துக்கொள்வதாகச் சொன்னான். இரண்டு சட்டையை மடிக்காமல் பைக்குள் திணித்தான். தையல்காரி உள்ளறையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாவி. உண்மையச் சொல்லிடுறேன், விடுங்க."

"சொன்னா பிள்ள போயிடும். போனா திரும்பி வருமா? நான் எங்க போயிடப் போறேன், ரெண்டு தெரு தள்ளிதான இருக்கேன். கண்ணுக்கு மருந்து போடு."

கோபித்திருந்தாலாவது அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

அவன் வாசலைத் தொட்டதும் பிள்ளை பாய்ந்தது. முழங்காலில் பல்லைப் பதித்துத் தொங்கியது. அவன் நிற்கவில்லை, அதையும் இழுத்துக்கொண்டு நடந்தான். கால்சட்டைத் துணியில் ரத்தம் ஊறியது. அதிகாரியம்மா பிள்ளையை இடுப்பில் பிடித்து இழுக்க, அது அவர் முகத்தில் உதைத்தது, மூக்குக் கண்ணாடி நொறுங்கியது. "எப்படிப் பயந்து போயிருக்கு பாருங்க, உங்களக் கண்டாலே ஆக மாட்டேங்குது" என்று அவர் மூச்சிரைக்கச் சொன்னார். டிங்கர் நொண்டிக்கொண்டே தெருவில் இறங்கினான். பின்னாலேயே அதிகாரியம்மாவும் போனார். கதவு சாத்திக்கொண்டது.

அதன்பிறகு நடந்ததற்குச் சண்டை என்று பேர் வைக்க முடியாது. பிள்ளை தலையால் கதவை முட்டியது. தாழ்ப்பாளைக் கடித்து ஈறு கிழிந்தது. நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தது, கண்ணாடி கூடமெங்கும் சிதறியது. உடைந்த சில்லு ஒன்றை எடுத்துக்கொண்டு தையல்காரிமேல் வந்தது. அவள் தடுத்த உள்ளங்கை கிழிந்தது. வயிற்றில் உதைத்தது. மூடிய கண்மேலேயே குத்தியது. அதன் பாஷையில் எதையோ கத்திக்கொண்டே இருந்தது. ஆறு மாதமாக அவளிடம் இருந்த பொறுமையில் அன்றைக்கு ஒரு சொட்டு மிச்சமில்லை. ஒரு பாவமும் அறியாத மனுஷன் நொண்டிக்கொண்டு தெருவில் இறங்கியது மட்டும்தான் கண்ணில் நின்றது.

"உன்னாலதானே எல்லாம்" என்று ஓங்கி ஓர் அறை விட்டாள்.

பிள்ளை சுருண்டு விழுந்தது. வீடு சட்டென்று அமைதியானது. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு தையல்காரி நின்றாள். திருப்பி அடிக்கும், கடிக்கும் என்று எதிர்பார்த்தாள், அடித்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அது அடிக்கவில்லை. எழுந்து நேராகச் சுவரோரம் போனது. சுவரைப் பார்த்து முட்டி போட்டது. சட்டையை முதுகுக்குமேல் தூக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்தது. பதற்றமே இல்லாமல், தினமும் பல் தேய்க்கிற மாதிரிச் செய்தது. ஒரு முனகல் இல்லை. முதுகில் வரிவரியாக இருந்த பழைய தழும்புகளை அவள் எத்தனையோ முறை குளிக்க வைக்கும்போது பார்த்திருக்கிறாள். குண்டு வெடித்ததில் வந்தவை என்று தானாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பிள்ளை வாயைத் திறந்தது. இவர்கள் பாஷையில், டிங்கர் நட்டுகளை வரிசையாக வைத்து எண்ணக் கற்றுக்கொடுத்த அதே சுத்தமான உச்சரிப்பில் சொன்னது.

"ஒண்ணு."

சொல்லிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டாவது அடிக்காகக் காத்திருந்தது.