பத்து நிமிடக் கெடு

கடைசி வரியைத் தட்டி என்டரை அழுத்தியதும் திரை உறைந்து நின்றது. கனடாவின் வின்னிபெக்கில் உட்கார்ந்தபடி, எழுநூறு கிலோமீட்டர் வடக்கே இருந்த ஒரு மருத்துவ நிலையத்தின் ரவுட்டருக்குள் யார் யார் நுழையலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள் வெர்னா பிரீசன். அந்தப் பட்டியலில் தன்னைச் சேர்க்க மறந்துவிட்டாள். பதினோரு வருட அனுபவம், போங்கள்!

"என்ன வெர்னா, வெளிய தள்ளிடுச்சா?" பக்கத்து மேசை கிளென் சிரித்தான்.

"சிரிக்காதடா. கெடு வச்சிட்டுதான் கையே வச்சேன்."

அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பத்து நிமிடத்தில் தானே அணைந்து எழும்படி ரவுட்டருக்கு முதலில் சொல்லிவிடுவார்கள். வேலை ஒழுங்காக முடிந்தால் உள்ளிருந்தே ரத்து செய்யலாம். சொதப்பினால், பழைய அமைப்போடு எழுந்து மறுபடி உள்ளே விடும். வெர்னா நிம்மதியாகக் காப்பியைக் கையில் எடுத்தாள்.

போன் அடித்தது. அதே நிலையத்தின் நர்ஸ் ஆக்னஸ் பியர்டி.

"வெர்னா, இன்னிக்கு எதையும் தொட்டுடாத தாயே! இங்க ரெஜின்னு ஒரு பையன் பனிவண்டியோட மரத்துல மோதிட்டான். நெஞ்சுக்குள்ள காத்து அடைச்சு மூச்சு திணறுது. ஊசி குத்தி எடுக்கணுமாம். நான் செஞ்சதே இல்ல. டாக்டர் வீடியோவுல பாத்துச் சொல்லப்போறார்."

வெர்னா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு ஐம்பது. இரண்டு ஐம்பத்தாறுக்கு ரவுட்டர் அணையும்; அதன் வழியே ஓடும் வீடியோ, போன் எல்லாம் போய்விடும். கெடுவை நிறுத்த உள்ளே போக வேண்டும். கதவைச் சாத்தியதே அவள்தான்.

கிளென் குனிந்து கிசுகிசுத்தான். "அவங்க சாட்டிலைட் இணைப்பு போச்சுன்னு விட்டுடு. வாரம் நாலு தடவ போகுது. யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாதுதான். இந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு ஏற்கனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. இன்னொன்று வந்தால் வேலை போகும்.

"ஆக்னஸ், நான் ஏற்கனவே தொட்டுட்டேன். என் தப்பு. இன்னும் ஆறு நிமிஷத்துல எல்லாம் போயிடும், என்னால நிறுத்த முடியாது. திரும்ப வர அஞ்சு நிமிஷமாவது ஆகும்."

ஆக்னஸ் தன் பழங்குடியின் கிரீ மொழியில் ஏதோ சொன்னாள். மொழி தெரியாவிட்டாலும் திட்டு என்று புரிந்தது. போனை வைத்துவிட்டாள்.

சொன்ன நேரத்துக்குத் திரையிலிருந்த பச்சைப் புள்ளி சிவந்தது. வெர்னா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி ஒரு நிமிடத்துக்குப் புள்ளி பச்சையானது. இப்போது தாராளமாக உள்ளே போகலாம். அவள் விசைப்பலகையைத் தொடவில்லை.

மூன்று ஆறுக்குப் போன் வந்தது.

"மூச்சு விடுறான்," என்றாள் ஆக்னஸ். "படம் போறதுக்குள்ள டாக்டர் எடத்தக் காட்டினார், பேனாவால தோல்ல புள்ளி வச்சுக்கிட்டேன். படம் போச்சு, குத்திட்டேன்."

"என்ன மன்னிச்சிடு ஆக்னஸ்."

"அட போடி! சாட்டிலைட்டுன்னு நெனச்சிருந்தா, இப்ப வந்துடும், இப்ப வந்துடும்னு ஊசியோட நின்னிருப்பேன். அவன் போயிருப்பான். இனிமே தொடுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணு."

வெர்னா இணைப்புத் தடை அறிக்கையைத் திறந்தாள். காரணம் என்ற கட்டத்தில் வழக்கம்போல 'சாட்டிலைட்' என்று தானாகவே விழுந்திருந்தது. அதை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தாள்.