எட்டுச் சாளை

ரேஷன் கடையில் கட்டைவிரலை மூன்றாவது தடவையாக வைத்தேன். மிஷின் மறுபடியும் கீச்சென்றது. பத்தொன்பது வருடமாக உப்பு வாருகிற கை. ரேகை உப்பளத்தில்தான் கிடக்கும், வேண்டுமானால் போய்ப் பொறுக்கிக்கொள்ளட்டும்.

“மாசக் கடைசிக்குள்ள ரேகை விழலன்னா ஒங்க பேரு கார்டுல இருக்காதுக்கா,” என்றான் கடைக்காரன் செல்வின். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வெறும் பையோடு திரும்பினேன்.

நாசரேத்திலிருந்து எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிற டாக்டர் ஈவாஞ்சலின் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வறண்டு, விரலெல்லாம் வெடிப்பு.

“களிம்பு மேலதான் வேலை செய்யும், இசக்கித்தாய். உள்ளேயும் எண்ணெய்ச் சத்து போகணும். சாளை மீன், நிலக்கடலை, எள்ளு, தினமும் சாப்பிடு. தோல் தேறினா ரேகையும் தெரியும்.”

சாளைக்கா நம்ம ஊரில் பஞ்சம்? தினமும் உப்பளத்து வேலை முடிந்து, கால் கெஞ்சக் கெஞ்ச, எட்டு மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தேன். லாரி ஓட்டிவிட்டு வருகிற புருஷனுக்குப் போட்டு, மகன் ராஜபாண்டிக்கும் போட்டு, கடைசியில் நான் உட்காருவேன். மருந்தை ஒருநாள்கூட விட்டதில்லை என்று பக்கத்து வீட்டுச் சீனித்தாயிடம் பெருமை வேறு.

மூன்று வாரம் கழித்து டாக்டரிடம் போனேன். கை அப்படியேதான் இருந்தது.

“சாளை சாப்பிடுதியா?”

“தெனமும் ஆக்குதேன் டாக்டர்.”

“ஆக்குறது சரி. நேத்து நீ எத்தனை மீன் தின்னே?”

வாயைத் திறந்தேன். அவருக்கு நாலு. பையனுக்கு நாலு. சட்டியில் ஒட்டியிருந்த குழம்பை வழித்துச் சோற்றில் பிசைந்தவள் நான். முந்தாநாளும் அப்படித்தான். மூன்று வாரத்தில் ஒரு மீனாவது என் தட்டில் விழுந்ததா என்று யோசித்தேன். இல்லை. கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அழுகை வந்தது. ஏற்கெனவே பட்ட உப்புத்தண்ணி போதும் என்று அடக்கிக்கொண்டேன்.

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் எட்டு மீனையும் பொரித்து, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தேன். ஐந்தாவது மீனில் அவர் வந்து நின்றார்.

“ஏளா, எனக்கு எடுத்து வைக்காம நீ பாட்டுக்குத் திங்குதே?”

“கார்டுல ஒங்க பேரு இருக்குல்லா,” என்றேன். “எம்பேருதான் போவப்போவுது. ரசம் இருக்கு, ஊத்திக்கிடுங்க.”

அவர் தானே தட்டை எடுத்தார். நான் ஆறாவது மீனைப் பிட்டேன். வெடிப்பில் உப்பும் காரமும் பட்டு எரிந்தது. நிறுத்தாமல் தின்றேன்.