தங்கைக்கு மாற்றாள்

கொடுமுடி ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயில் நின்றபோது பூங்கோதை ஒரு தோள்பையோடு இறங்கினாள். அழைத்துப் போக யாரும் வரவில்லை. கல்யாண வீட்டில் ஆளுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மண்டபத்தை நோக்கி நடந்தாள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு வைகாசி மாதம். பெங்களூரில் இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சி முகாம் நடந்துகொண்டிருந்தது. பூங்கோதை அந்த அணியின் ஸ்டாப்பர். அவளைத் தாண்டினால் பின்னால் கோல்கீப்பர் ஜன்னத் மட்டும்தான். வெளிநாட்டுப் போட்டிக்கு விமானம் ஏறப்போகும் பெயர்கள் முடிவாகும் வாரத்தில் அவள் லீவு கேட்டாள்.

"போ. ஆனா உன் இடத்துல வேற பொண்ணை ஆடவிட்டுப் பார்ப்பேன். அவ நல்லா ஆடினா, அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார் கோச்.

அறைத்தோழி ஜன்னத்தான் தைரியம் சொன்னாள். "போயிட்டு வாடி. ஸ்டாப்பருக்கு இங்கே மாத்தாள் கிடைக்கும். தங்கச்சிக்கு மாத்தாள் ஏது?"

அண்ணன் சரவணனின் கல்யாணம். கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் சேர்ந்து நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். சரவணனுக்கு உடன்பிறந்தவள் பூங்கோதை ஒருத்திதான். "இணைச்சீருக்கு நீ வந்தாகோணும் புள்ள" என்று அவனே போனில் சொல்லியிருந்தான்.

அவர்களுடைய அப்பா பட்டாளத்தில் இருந்தபோது இம்பாலில் ஒரு மணிப்பூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவர். கோயமுத்தூரில், மில் குடியிருப்பில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அப்பா இறந்ததும், பையன் நம் ரத்தம் என்று பெரியப்பா குமாரசாமி சரவணனைக் கொடுமுடிக்குக் கூட்டிப் போனார். பெண் யார் ரத்தம் என்று எவரும் கேட்கவில்லை. அவள் அம்மாவோடு இம்பாலுக்கு ரயிலேறினாள். சில வருஷங்களில் அம்மாவும் இறந்துபோனாள். கோயமுத்தூர்த் தெருவில் அவளைச் சைனாக்காரி என்றார்கள். இம்பாலில், வெளியூர்க்காரி என்ற பொருளில், மயாங் என்றார்கள். பந்து மட்டும் எதுவும் சொல்லவில்லை. அதனால் அதனோடு இருந்துவிட்டாள்.

மண்டப வாசலில் பெரியம்மா குழந்தையம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க அம்மணி, வாங்க. வெயில்ல ஆடி ஆடி இப்படிக் கறுத்துப்போட்டீங்களே. மொதல்ல சாப்பிடுங்க. மத்ததெல்லாம் அப்பறம்."

இலை போட்டு, வெல்லம் போட்ட கச்சாயப் பணியாரத்தை முதலில் வைத்தார்கள்.

"இணைச்சீருக்கு நான் எந்தச் சேலை கட்டோணுங்க பெரியம்மா?"

"அதுக்கென்னுங் கண்ணு, பாத்துக்கலாம். இன்னொரு கச்சாயம் வெச்சுக்கங்க."

பெரியப்பாவிடம் கேட்டாள். "பிரயாணம் சவுரியமா இருந்துச்சுங்களா அம்மணி?" என்று அவர் வேறு கேள்வி கேட்டார். அந்த மண்டபத்தில் இல்லை என்ற சொல்லை யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக இலையில் எதையாவது வைப்பார்கள். பூங்கோதையின் இலை நிறைந்துகொண்டே போனது.

விஷயத்தை உடைத்தது பெரியப்பா மகள் லோகப்பிரியா. ஒரு துணிப்பையைத் திறந்து அரக்கு நிறப் பட்டுச்சேலையைக் காட்டினாள்.

"இணைச்சீருக்கு எனக்கு எடுத்ததுங்க்கா. இளம்பிள்ளைல சொல்லி நெய்யச் சொன்னோம். எனக்கு எடுப்பா இருக்குமாங்க்கா?"

"நல்லா இருக்கும்" என்றாள் பூங்கோதை.

சரவணனை மண்டபத்துக்குப் பின்புறம், தண்ணீர்த் தொட்டியருகே பிடித்தாள். அவன் முகச்சவரம் செய்துகொண்டு அப்போதுதான் எழுந்திருந்தான். தாடையில் சோப்பு நுரை மிச்சமிருந்தது.

"ஏண்ணா, ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லோணும்னுதான் புள்ள பூத் வரைக்கும் போனேன். அங்க நாலு பேர் நின்னாங்க. திரும்பி வந்துபோட்டேன்."

"நாலு பேர் போனப்பறம் பேசியிருக்கலாம்."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்தபிறகும் துண்டை எடுக்கவில்லை.

"இணைச்சீர் நிக்கறவளுக்கு உரிமை வந்துரும். நாளைக்கு எனக்கொரு பொண்ணு பொறந்தா, உன்ற பையனுக்குக் கேக்கலாம். பொண்ணு ஊட்டுக்காரங்க யோசிக்கறாங்க. அம்மா வேற ஜாதி, நீ எங்கியோ பந்து ஆடற... பெரியப்பன் சோத்துல வளந்தவன் நான். என்ன பேசறது சொல்லு."

"உனக்கு என்ன தோணுது?"

அவனை யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

மாலை ரயிலுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். போனால் நாளைய பயிற்சி ஆட்டத்துக்கு நிச்சயம் போய்ச் சேரலாம். பையைக்கூட எடுத்துவிட்டாள். அப்போது பெண்வீட்டு அம்மாள் ஒருத்தி அவளைப் பார்த்து, "ஏம்மா, நீ சமையலுக்கு வந்த நேபாளத்துப் புள்ளதான? அந்தக் குடத்தை இங்க கொண்டா" என்றாள். பூங்கோதை குடத்தைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்ததும் ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. ஓரமாகவாவது நின்று பார்த்துவிட்டுத்தான் போவது.

விடியற்காலையில் மேளம் தொடங்கியது. பெண்கள் அறையில் திடீரென்று குசுகுசுப்பு. எழுந்து பார்த்தால் லோகப்பிரியா மூலையில் தனியாக ஒரு பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். சடங்கில் நிற்க முடியாது. பங்காளி வகையில் இன்னொரு பெண் திருப்பூரில் இருக்கிறாள். அவள் வந்து சேருவதற்குள் முகூர்த்தம் கடந்துவிடும்.

பெரியப்பா வந்தார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது.

"அம்மணி, நீங்கதான் நிக்கோணும்."

"என்ற அம்மாவோட ஜாதி இப்பப் பரவால்லீங்களா பெரியப்பா?"

அவர் துண்டை மடித்தார், பிரித்தார். "நேரம் போகுதுங் கண்ணு."

முடியாது என்று சொல்லலாம். சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. திறந்திருந்த கதவு வழியே மேடை தெரிந்தது. சரவணன் மாலையோடு தனியாக நின்றுகொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஆடுகளத்தில் அப்படி ஓர் இடம் காலியாகக் கிடந்தால், யார் தவறு என்று ஸ்டாப்பர் கேட்பதில்லை. முதலில் ஓடிப்போய் அடைக்க வேண்டும். சண்டையெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு.

முகம் கழுவினாள். லோகப்பிரியா தான் தொடாமல் துணிப்பையை விரலால் காட்டினாள். "கட்டிக்கங்க்கா. நான் இன்னும் கட்டலீங்க."

சடங்கை நடத்தும் அருமைக்காரர் சொன்னபடி செய்தாள். கூறைச்சேலை இருந்த பேழைமூடி என்ற மூங்கில் கூடை தலையில் ஏறியது. சேலை முனை கைக்கு வந்தது. அண்ணன் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

"அண்ணா, நேரா நில்லு. எல்லாரும் பாக்கறாங்க" என்று மெல்லச் சொன்னாள்.

பெண்வீட்டு வரிசையில் நேற்றுக் குடம் கேட்ட அம்மாள் இருந்தாள். அவள் முகம் சுண்டிப் போயிருந்தது. அதைச் சரிக்கட்ட நினைத்தாளோ என்னவோ, வாய்விட்டுக் கேலி செய்தாள்.

"ஏனுங் அம்மணி, எங்க புள்ளைக்குப் பொண்ணு பொறந்தா விட மாட்டீங்கல்ல? இம்பாலுக்கே கட்டிக்கிட்டுப் போயிருவீங்களா?"

சிரிப்பு எழுந்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. பூங்கோதையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சரவணனும்தான்.

"பயப்படாதீங்க" என்றாள் பூங்கோதை. "உரிமையெல்லாம் லோகப்பிரியாவுக்கே இருக்கட்டும். நான் மாத்தாளாத்தானே எறங்கியிருக்கேன்."

மண்டபம் இன்னும் பலமாகச் சிரித்தது. நல்ல புள்ள, வாய்த்துடுக்கான புள்ள என்றார்கள். பெரியப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சரவணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அருமைக்காரர் முனையை வாங்க வந்தபோது அவன் விரல்கள் உடனே விடவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது.

தாலி கட்டியதும் அவள் அரக்குப் பட்டை மடித்து அதே பையில் வைத்தாள். குழந்தையம்மாள் கச்சாயப் பொட்டலத்தோடு வாசல்வரை வந்து, "இருந்து சாப்பிட்டுப் போலாமுங் கண்ணு" என்றாள். சொல்லிக்கொண்டே பொட்டலத்தைத் தோள்பையில் திணித்தாள்.

ஈரோடு ஜங்ஷனில் பெங்களூர் வண்டிக்கு நேரமிருந்தது. எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு முகாமுக்குப் போன் போட்டாள். ஜன்னத் வந்தாள்.

"காலைல மேட்ச் முடிஞ்சுதுடி. அந்தப் பொண்ணு..." ஜன்னத் தயங்கினாள். "நல்லாத்தான் ஆடினா. கோச் ஒண்ணும் சொல்லலை. நீ வா, பேசிக்கலாம்."

"சரி."

"அதை விடு. அங்கே என்னாச்சு? இணைச்சீர்ல நீதானே நின்னே?"

"நான்தான் நின்னேன்."

"பாத்தியா, நான் சொன்னேன்ல? உங்கண்ணன் உன்னை விட்டுட்டு வேற யாரை நிறுத்துவார்?"

கண்ணாடிக்கு வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். பூங்கோதை அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"ஆமா" என்றாள். "நான் வர்ற வரைக்கும் மேடையிலயே நின்னுட்டிருந்தான்."