பெரிய ஸ்கோப்

கொழும்புப் போட்டிக்குப் போகிற எங்கள் அணியில் ஒரு இடம்தான் மிச்சம். அது எனக்கா மதுசனுக்கா என்று ஃபோனில் நேருக்கு நேர் சுட்டு முடிவெடுக்கச் சொன்னார் இராகுலன். என் மாமி மகன், அணித் தலைவர். இந்தத் துவக்கு விளையாட்டை எனக்குப் பழக்கினதே அவர்தான்.

துவக்குக்குக் குழல், பிடி என்று அட்டாச்மென்ட் பூட்டுவது லேசான வேலை இல்லை. குழலை நீட்டினால் தூரத்துக்கு அடிக்கும், குறிபார்க்கச் சுணங்கும். கனத்த பிடி போட்டால் துவக்கு ஆடாது, ஓட்டம் குறையும். பூட்டி, கழற்றி, சாப்பிடக்கூட எழும்பாமல் அம்மாவிடம் ஏச்சு வாங்கி, ஒருவழியாக என் துவக்கைச் சரிப்படுத்தியிருந்தேன்.

நானும் மதுசனும் மோதுவதற்கு முதல்நாள் இராகுலன் கேட்டார்.

"ஒருக்காக் காட்டு பாப்பம். பிழை இருந்தால் சொல்லுறன்."

காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. மடைச்சி நான்.

உட்துறைமுக வீதிக் கேம் கடையின் மாடியில் எங்கள் போட்டி. மதுசன் எப்போதும் ஓடி ஓடிச் சுடுகிறவன். அன்றைக்கு ஓரிடத்தில் நின்று, துவக்கு ஆடாமல் சுட்டான். கடைசித் தடவை நான் விழுந்து தோற்றபோது என்னைச் சுட்ட துவக்கு திரையில் வந்தது. குழல், பிடி, மகசின் எல்லாம் நான் பூட்டினவை. சரி, தற்செயல் என்றே வைப்போம். ஆனால் மேலே இருந்த, குறிபார்க்கிற அந்தப் பெரிய ஸ்கோப்? கிட்ட நின்று சுடுகிற துவக்குக்கு ஒருவரும் அதைப் பூட்டமாட்டார்கள். என் ஃபோன் திரை நடுவில் வெடித்திருக்கிறது. சின்ன ஸ்கோப்பின் புள்ளி அந்த வெடிப்புக்குள் மறைந்துபோகும் என்றுதான் நான் பெரியதைப் பூட்டினேன். மதுசனின் ஃபோனோ புத்தம் புதுசு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இராகுலனைப் படியடிக்குக் கூப்பிட்டேன்.

"மச்சான், என்ர துவக்கை அவனுக்குச் சொல்லிக் குடுத்தனீங்களோ?"

மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

"ஓம், குடுத்தனான். கோவிக்காதை. நீ வெண்டாலும் பொம்பிளைப் பிள்ளையெண்டு மாமா உன்னைக் கொழும்புக்கு விடமாட்டார். பிறகு கடைசி நேரத்தில நாங்கள் ஆளுக்கு எங்க போறது?"

"அப்பாட்டைக் கேட்டனீங்களோ?"

"கேக்கவும் வேணுமோ? மாமாவை எனக்குத் தெரியாதே?"

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். ஏலவில்லை.

"அப்பா நேற்றே ஓம் எண்டவர் மச்சான். இராகுலன் கூடப் போறான்தானே, பிறகென்ன பயம் எண்டு சொன்னவர்."