கையில் இறங்காத ஊசி

என் மாமியார் தெங் குய்லானின் காதில் ஒரு செய்தி விழுந்தால், தேநீர் ஆறுவதற்குள் அது செங்டு நகரத்தில் எங்கள் சந்து முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் நான் உண்டாகியிருக்கும் விஷயத்தை நானும் என் கணவரும் காதும் காதும் வைத்த மாதிரி வைத்திருந்தோம். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். போன தடவை அத்தை முதல் வாரமே தம்பட்டம் அடித்துவிட்டார். பிறகு கரு தங்கவில்லை. ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வீடு கருங்கோழி சூப்போடு வந்தார்கள். அழக்கூட நேரமில்லாமல் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை அதை என்னால் தாங்க முடியாது.

மற்றபடி எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். மைக்கில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும்போதுகூடச் சிரிப்பு வந்துவிடும்.

இந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப் பல் வலி பிடித்துக்கொண்டது. மாத்திரை போடப் பயம். என் கன்னம் வீங்கியதைப் பார்த்த அத்தை, "வாடி, டாக்டர் கெங்கிட்ட போலாம். எனக்கும் முட்டிக்குப் போகணும்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் கெங்கின் அக்குபஞ்சர் கூடம் ஒரே அறைதான், ஆறு கட்டில்கள். திரைச்சீலை உண்டு. ஆனால் எதிர்க் கட்டிலோடு பேச முடியவில்லை என்று பெண்கள் அதைச் சுருட்டிக் கட்டிவிட்டார்கள். ஊசி ஏறினால் அரைமணி நேரம் உடம்பை அசைக்கக் கூடாது. வாய்க்கு அந்தத் தடை கிடையாது.

டாக்டர் என் நாக்கைப் பார்த்தார். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். அவர் புருவம் மேலே போனது. நான் கண்ணாலேயே கெஞ்சினேன். நல்ல மனிதர், வாயைத் திறக்கவில்லை. தாடையோரம் மட்டும் இரண்டு ஊசி வைத்துவிட்டு நகர்ந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்வலி என்று யார் வந்தாலும் முதல் ஊசி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில்தான் இறங்கும். அது அங்கே வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் அந்த இடத்தில் குத்த மாட்டார்கள் என்பதும் தெரியும்.

எதிர்க் கட்டிலில் தோள்பட்டை நிறைய ஊசியோடு லுவோ அக்கா குப்புறக் கிடந்தார். அத்தையோடு தினமும் மஹ்ஜாங் காயாட்டம் ஆடுகிறவர்.

"என்ன டாக்டர், இவ கையை மறந்துட்டீங்க?"

டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துபோய், "மறக்கல... இன்னிக்கு வேணாம்னு..." என்று இழுத்தார்.

திரும்ப முடிந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. நான் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஏன் வேணாம்?" லுவோ அக்காவின் வாய் காதுவரை விரிந்தது. "அடியே யாவென், நீ..."

"நான்தான் வேணாம்னேன்" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. அத்தை. முட்டிகளில் ஊசி, உச்சந்தலையில் ஒன்று, பார்வை கூரையில். "கையில குத்தினா இவளுக்கு மரத்துப்போயிடுது. போன தடவ பஸ்ஸை நடைபாதையில ஏத்திட்டா."

நான் எந்த நடைபாதையிலும் ஏற்றியதில்லை.

"யாருகிட்ட கதை விடுற? குய்லான், உன் குரலே சரியில்ல. எதையோ மறைக்கிற" என்றார் லுவோ அக்கா.

அத்தை மூச்சை இழுத்து விட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆமா, மறைச்சேன். வசந்த விழா அன்னிக்கு மஹ்ஜாங்ல உன்னை ஜெயிச்சேன்ல? ஒரு காயை மடியில ஒளிச்சு வச்சிருந்தேன்."

அன்றிலிருந்து மூதாதையர் மேல் சத்தியம் செய்து மறுத்துவந்த விஷயம் அது. கூடம் இரண்டுபட்டது. லுவோ அக்கா எழப் பார்த்தார். டாக்டர் ஓடிவந்து, "அசையாதீங்க, தோள்ல ஊசி இருக்கு" என்று பிடித்துக்கொண்டார்.

"அதை எடுங்க டாக்டர். அப்படியே அவ நாக்குல வைக்கிறேன்."

"சிரிக்க வைக்காதீங்கடி, எனக்கு வயித்துல ஊசி" என்று கடைசிக் கட்டில் கெஞ்சியது. அந்த வயிற்றில் ஊசிகள் குதித்துக்கொண்டிருந்தன. என் கையைப் பற்றி ஒருவருக்கும் நினைவில்லை. நானும் கண்ணில் நீர் வழியச் சிரித்தேன், பல் எந்தப் பக்கம் வலித்தது என்றே தெரியவில்லை.

திரும்பும் வழியில் அத்தை, சர்க்கரைப் பாகில் தோய்த்துக் குச்சியில் கோத்த புளிப்புப் பழம் ஒன்று வாங்கினார். என் நாக்கில் எச்சில் ஊறியது. கை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"இது இப்ப உனக்கு ஆகாது" என்று தானே கடித்தார்.

"லுவோ அக்கா இனிமே உங்களை ஆட்டத்துல சேத்துக்க மாட்டாங்களே, அத்தை."

"சேக்கலன்னா நல்லதுதான். மேசையில உக்காந்தா எனக்கு வாய் நிக்காது." என்னைப் பார்க்காமலே நடந்தார். "போன தடவ நீ டீ ஊத்திக்கிட்டே இருந்த. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா மூணு மாசம் முடியிற அன்னிக்கு என்னை ஒருத்தரும் தடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார், பழம் கன்னத்தில் உப்ப.

"அன்னிக்கு என் பஸ்ல ஏறுங்க, அத்தை" என்றேன். "மைக்கை உங்க கையில குடுத்துடறேன்."