முகவரியில் விடுபட்ட கோடு

கப்பல் கம்பெனிக்காரர்கள் மறுபடியும் போன் செய்தார்கள். அவர்களுடைய இணையதளத்தில் போஹோல் தீவுப் பக்கத்துக்குப் போய், மெனுவில் கால அட்டவணையை அழுத்தினால் வெற்றுப் பக்கம்தான் வருகிறதாம். அந்தத் தளத்தை அமைத்த லீசல் தன் கணினியில் முகப்புப் பக்கத்தைத் திறந்து மெனுவை அழுத்திப் பார்த்தாள். அட்டவணை பளிச்சென்று வந்து நின்றது.

"இங்க சரியாத்தானே இருக்கு சார்," என்று போனை வைத்தவளின் பார்வை எதிர் மேசைக்குப் போனது.

அங்கே ரெனான்டே இருந்தான். பிலிப்பைன்ஸின் செபு நகரில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவன். இந்தக் கப்பல் கம்பெனித் தள வேலையை முதலில் கேட்டவன் அவன்தான், கிடைத்தது லீசலுக்கு. துறைமுகத்தின் பெயரைச் சேர்த்தால் போதும், மெனுவும் அதற்கான முகவரியும் தாமாகவே உருவாகிவிடும்படி அவள் எழுதியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நான் பார்க்கும்போது ஓடுவது மற்றவர்களுக்கு மட்டும் எப்படிக் கெடும்? யாரோ கை வைக்கிறார்கள்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்த தளத்தின் கடவுச்சொல்லை அன்றே யாரிடமும் சொல்லாமல் மாற்றினாள். அப்படியும் புகார் நிற்கவில்லை. அதன்பின் ரெனான்டே சிரித்தாலும் தப்பாகப் பட்டது, பேசாமலிருந்தாலும் தப்பாகப் பட்டது. அவள் பக்கத்தில் வந்தால் அவன் திரையை மாற்றினான்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே திரும்பியவள், அவன் திரையில் தன் மெனு நிரலைக் கண்டாள்.

"கையும் களவுமா மாட்டினியா! எத்தனை நாளா இந்த வேலை?"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. ரெனான்டேயின் முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, இது பிரவுசர்ல யார் வேணா பாக்கலாம். நீங்க எப்பவும் முகப்புல இருந்துதானே அழுத்துறீங்க? போஹோல் பக்கத்துல நின்னு அழுத்துங்க."

அழுத்தினாள். வெற்றுப் பக்கம். மேலே முகவரியில் 'போஹோல்' இரண்டு முறை ஒட்டிக்கொண்டிருந்தது. மெனு உருவாக்கிய பாதையின் தொடக்கத்தில் '/' என்ற ஒரு சாய்கோடு இல்லை. அதனால் முகப்பிலிருந்து போனால் வழி சரியாக அமைந்தது. உள்ளே இருக்கும் பக்கத்திலிருந்து போனால் தீவுக்குள் இன்னொரு தீவைத் தேடியது. தப்பு அவளுடையதுதான்.

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பாஸ்வேர்டை மாத்திட்டீங்க. என்னைத் திருடன்னு நினைக்கிறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. வாயத் திறந்தா நான்தான் கெடுத்தேன்னு சொல்லிருவீங்கன்னு பயந்தேன்." அவன் குரல் தணிந்தது. "புயலுக்குக் கப்பல் ரத்தான அன்னிக்கு என் பொண்டாட்டி கைக்குழந்தையோட போஹோல் துறைமுகத்துல நாள் பூரா உக்காந்திருந்தா. ரத்துன்னு அட்டவணையில போட்டிருந்தாங்க, அந்தப் பக்கம் திறந்திருந்தா வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டா."

 லீசல் உட்கார்ந்து அந்தக் கோட்டைச் சேர்த்தாள். ஒவ்வொரு தீவின் பக்கத்திலிருந்தும் அழுத்திப் பார்த்தாள். எல்லாம் திறந்தன. கம்பெனிக்குப் போன் செய்து, தப்பு தன்னுடையது என்றாள். பிறகு எழுந்து எல்லோர் முன்னாலும் ரெனான்டேயிடம் மன்னிப்புக் கேட்டு, புதிய கடவுச்சொல்லைச் சொல்லப் போனாள்.

"வேணாம்க்கா," என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த தடவை ஏதாவது உடைஞ்சா முதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பீங்க."