இரும்பைக் கேட்காத கருவி

கட்டிலுக்கு முன்னால் கிடந்த தகரப் பெட்டியை அவள் காலால் தள்ளினாள். உடலை எடுத்துப்போக வழி வேண்டுமே. உள்ளே துருப்பிடித்த ஆணி, கொக்கி, உடைந்த பூட்டு. வானத்திலிருந்து விழுந்து மண்ணில் புதைந்த கல்லைத் தேடப்போன தையல்காரரின் மொத்தச் சம்பாத்தியம்.

"கையிலிருந்து விழுந்த ஊசியத் தேடத் தெரியாது. விண்கல்லத் தேடப் போனாராம்," என்றாள் மகளிடம். செத்துக் கிடந்த புருஷன்மேலும் எரிச்சல் அடங்கவில்லை.

"இன்னிக்காவது விடும்மா."

"எதுக்கு விடணும்? ஊரே முதுகுக்குப் பின்னால சிரிச்சுது. நான் முகத்துக்கு நேரா சொன்னேன்."

இந்த வீட்டில் புத்தியுள்ளவர் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. அவள் கத்தக் கத்த, அவர் மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தமிட்டுக் காட்டும் அந்தக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பதில் சொல்லத் துப்பில்லாத மனுஷன் என்று நினைத்துக்கொள்வாள். கடைசி வருடங்களில் ஓர் ஆணிகூடக் கொண்டுவரவில்லை. அதற்கும் திட்டு வாங்கினார்.

அவரோடு சுற்றிய வெல்டர் வந்தார். சற்று நேரம் உடலருகே நின்றுவிட்டு, மூலையில் இருந்த கருவியைக் கையில் எடுத்தார்.

"அதைக் கொண்டுபோயிடுங்க. உங்க ரெண்டு பேருக்கும்தானே அந்தக் கிறுக்கு."

"கடைசி வரைக்கும் இப்படியேதான் வச்சிருந்திருக்காரு," என்று கருவியின் கைப்பிடியில் இருந்த ஒரு திருகைக் காட்டினார். "இரும்பு வந்தா சத்தம் போடக் கூடாதுன்னு திருப்பியிருக்கு. காசு, நகை தேடுறவங்க ஆணித் தொல்லை வேண்டாம்னு இப்படி வைப்பாங்க. விண்கல்லுல இருக்கிறதே இரும்புதான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பார்த்தியாடி உங்கப்பன் லட்சணத்த? அதுகூடத் தெரியாம காடு மேடெல்லாம் அலைஞ்சிருக்காரு!"

"தெரியும் அண்ணி," என்றார் வெல்டர். "அவரேதான் திருப்பி வச்சாரு. ஏன்னு கேட்டேன். வீட்லதான் ஓயாத சத்தம், இங்கயாச்சும் சத்தமில்லாம நடக்கறேன்னாரு."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மகளுக்கும் தெரிந்திருக்கிறது.

வாசலில் வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் இரும்புத் தள்ளுக்கட்டிலை உள்ளே கொண்டுவந்தார்கள்.

"அந்தத் திருகை மாத்தி வைங்க," என்றாள்.

"இப்பவா அண்ணி?"

"வைங்கன்னா வைங்க."

கருவியை வாங்கி, அவரைக் கிடத்திய தள்ளுக்கட்டிலுக்குப் பக்கத்தில் நீட்டினாள். அது வீறிட்டது. தள்ள வந்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

"நீங்க தள்ளுங்க," என்றாள்.

வாசல்வரை கூடவே போனாள். வண்டிக் கதவைச் சாத்தும்வரை அதை நிறுத்தவில்லை.